க்ரூசர்வெயிட்டை விட்டு ஏன் ஹெவிவெயிட்டுக்குப் போகிறார்கள்? காரைக்குடிக் கொட்டகையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் ஓடாமல் கிடக்கும் ஒரு அரிசி ஆலைக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, சாயங்காலம் பையன்களுக்குக் குத்துச்சண்டை சொல்லித் தருகிறேன். ரிங் என்று பெருமையாகச் சொல்ல முடியாது. நாலு கம்பம், துணி சுற்றிய கயிறு, மூன்று மணல் பை, அவ்வளவுதான். எடை பார்க்க ஆலைக்காரர் விட்டுப்போன மூட்டைத் தராசு இருக்கிறது. க்ரூசர்வெயிட் என்கிற எடைப் பிரிவிலிருந்து மேலே போன உக்ரைன்காரர் ஒலெக்சாண்டர் உசிக், 2024 மே மாதம் ஹெவிவெயிட்டில் டைசன் ஃபியூரியை ஜெயித்த நாளிலிருந்து பையன்களும் அவர்களைக் கொண்டுவந்து விடுகிற அப்பாக்களும் ஒரே விஷயத்தைத்தான் விதவிதமாகக் கேட்கிறார்கள். வாய் வலிக்கிறது. அதனால் எழுதிவைத்துவிட்டேன்.

க்ரூசர்வெயிட் என்றால் என்ன? ஐயப்பன் கோவிலுக்குப் போகிற வண்டிதான் எனக்குத் தெரியும்.

அந்த க்ரூசர் வேறு. இது போர்க்கப்பல் வகை ஒன்றின் பெயரில் வந்தது. தொழில்முறைக் குத்துச்சண்டையில் லைட் ஹெவிவெயிட்டுக்கு உச்சவரம்பு 175 பவுண்டு, அதாவது 79.4 கிலோ. அதற்கு மேல் 200 பவுண்டு, 90.7 கிலோ வரை க்ரூசர்வெயிட். அதையும் தாண்டினால் ஹெவிவெயிட். அங்கே கூரை கிடையாது. 95 கிலோக்காரர் எதிரில் 125 கிலோக்காரர் வந்து நிற்கலாம்.

இந்தப் பிரிவு ஒன்றும் பழையதல்ல. உலகப் பட்டமும் அதற்கான பெல்ட்டும் கொடுக்கிற அமைப்புகளில் ஒன்றான டபிள்யூபிசி 1979 டிசம்பரில்தான் இதற்கு முதல் பட்டப் போட்டி நடத்தியது. மார்வின் கேமலும் மாட்டே பார்லோவும் மோதி சமனில் முடிந்தது. 1980 மார்ச்சில் மறுபடி மோதி கேமல் ஜெயித்தார். அப்போது வரம்பு 190 பவுண்டு. பெரிய ஆள்கள் மேலும் பெரிதாகிக்கொண்டே போனதால் 2003 வாக்கில் அதை 200 ஆக்கினார்கள்.

சரி, ஏன் விட்டுப் போகிறார்கள்?

காசு. சுற்றி வளைத்துச் சொல்வதில் பிரயோசனம் இல்லை.

நம் கொட்டகைக்குத் தன் பேரனைக் கொண்டுவந்து விட ஒரு செட்டியார் ஐயா வருவார். எழுபது தாண்டியவர். பேரன் கயிறு தாண்டி முடிக்கிற வரை கல்லில் உட்கார்ந்து என்னிடம் பேச்சுக் கொடுப்பார். இதே கேள்வியை அவரும் கேட்டார். நான் பெல்ட், டிவி, விளம்பரம் என்று பாதிதான் சொல்லியிருப்பேன், கையமர்த்தினார். "புரிஞ்சுபோச்சு தம்பி. எங்க ஐயா பர்மாவுக்குக் கொண்டுவிக்கப் போன மாதிரிதான். இங்கன தொழில் தெரியாமயா போனாக? தொழில் அதேதான். பணம் ஓடுற இடம் அது."

இதைவிடச் சுருக்கமாக நான் சொன்னதில்லை. க்ரூசர்வெயிட் உலக சாம்பியனும் ஹெவிவெயிட் உலக சாம்பியனும் ஒரே தொழிலைத்தான் செய்கிறார்கள், கூலி மட்டும் வேறு. 1990 அக்டோபரில் இவாண்டர் ஹோலிஃபீல்ட் ஹெவிவெயிட் பட்டத்துக்கு பஸ்டர் டக்ளஸை எதிர்த்தபோது, சவால் விட்ட ஹோலிஃபீல்டுக்குக் கிடைத்தது சுமார் 80 லட்சம் டாலர். மூன்றே ரவுண்டில் தோற்றுப்போன டக்ளஸுக்கு சுமார் 2.4 கோடி டாலர். அதற்கு இரண்டு வருஷம் முன்புவரை ஹோலிஃபீல்ட் அன்றைய மூன்று அமைப்புகளின் பெல்ட்டையும் வைத்திருந்த க்ரூசர்வெயிட் சாம்பியன். அந்தப் பிரிவில் ஆயுசு முழுக்க நின்றிருந்தாலும் இப்படி ஒரு இரவு வந்திருக்காது.

காசு ஏன் அங்கே மட்டும் கொட்டுகிறது என்றால், ஜனங்களுக்கு உள்ளூர ஒரே கேள்விதான்: உலகத்திலேயே யாரையும் அடிக்கக்கூடிய ஆள் யார்? அதற்குப் பதில் எடைக்கு வரம்பு இல்லாத பிரிவில்தான் இருக்கிறது. 90.7 கிலோவுக்குள் நீங்கள்தான் பெரியவர் என்றால், "அப்ப அதுக்கு மேல?" என்று அடுத்த கேள்வி வந்துவிடும். செக்காலைப் பக்கம் ஒரு டீக்கடையில் ஒருமுறை சோதித்துப் பார்த்தேன். குத்துச்சண்டைக்காரர் பெயர் சொல்லுங்கள் என்றதும் அலி, டைசன் என்று வந்தது. ஒருவர் ஹோலிஃபீல்ட் என்றார், "காதைக் கடி வாங்குனவன்" என்ற அடையாளத்தோடு. க்ரூசர்வெயிட் சாம்பியன் யாராவது என்றேன். மாஸ்டர் விடுகதை போடுகிறார் என்று சிரித்தார்கள். ஹோலிஃபீல்டே அந்தப் பிரிவில் வளர்ந்தவர் என்று சொன்னபோது யாரும் நம்பவில்லை.

காசு மட்டும்தானா? உடம்பு சம்பந்தமே இல்லையா?

இருக்கிறது, நிறையவே. ஆனால் இதைச் சொன்னால் புரியாது, பார்த்தால்தான் புரியும்.

ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறையில் வேலை பார்க்கிற ஒரு பையன் நம்மிடம் வருகிறான். அச்சைத் தூக்கித் தூக்கி முன்கை உலக்கை மாதிரி இருக்கும். மாவட்டப் போட்டி ஒன்றில் 80 கிலோவுக்குப் பெயர் கொடுத்திருந்தோம். முந்தின நாள் மாலை தராசில் ஏறினான்: 81 கிலோ 400. சட்டைக்கு மேல் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு ஆலையை இருபது சுற்று ஓடினான். வந்து உட்கார்ந்து சூயிங்கம்மை மென்று மென்று, ஊறுகிற எச்சிலை ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் துப்பிக்கொண்டே இருந்தான். எச்சிலுக்கும் எடை உண்டே. பக்கத்து வீட்டில் கல்யாணம். வெள்ளைப் பணியாரம் வேகிற வாசனை தகரத்தைத் தாண்டி வருகிறது. பாட்டிலில் இரண்டு விரல்கடை சேர்ந்தது. மறுநாள் காலை 79 கிலோ 900. எடையில் ஜெயித்தான், சண்டையில் தோற்றான். இரண்டாவது ரவுண்டிலேயே கால் எழவில்லை. அவனை 80க்கு இறக்கியது என் தப்பு. இன்றைக்கும் அந்தப் பாட்டிலை நான் தூக்கிப் போடவில்லை.

இவன் இறக்கியது ஒன்றரைக் கிலோ. க்ரூசர்வெயிட்காரர்களில் பலர் சாதாரண நாளில் 97, 100 கிலோ இருப்பார்கள். ஒவ்வொரு போட்டிக்கும் 90.7க்கு இறங்கி, எடை பார்த்த கையோடு தண்ணீரும் சோறும் ஏற்றிக்கொண்டு மறுநாள் ரிங்குக்குப் போவார்கள். இருபத்துநாலு வயதில் இது ஒரு பாரமாகத் தெரியாது. முப்பதைத் தொட்டதும் உடம்பு கேட்காது. இடுப்பும் தோளும் தானாகவே கெட்டியாகிவிடும். 1986 ஜூலையில் அட்லாண்டாவில் ஹோலிஃபீல்ட் டுவைட் முகமது காவியோடு 15 ரவுண்டு போட்டு முதல் உலகப் பட்டத்தை வாங்கினார். அன்று அவர் உடம்பிலிருந்து போன நீர் மட்டும் சுமார் 15 பவுண்டு, ஏறக்குறைய 7 கிலோ. பெல்ட்டோடு ஆஸ்பத்திரிக்குப் போனார். இரண்டு வருஷத்தில் அவர் மேலே போனதில் என்ன ஆச்சரியம்?

மேலே போனால் முதலில் கிடைப்பது நிம்மதியான சாப்பாடு. எடை பார்க்கிற நாளிலும் ஹெவிவெயிட்காரர் இட்லி சாப்பிடலாம்.

எல்லா பெல்ட்டையும் வாங்கிவிட்டால் அங்கேயே ராஜாவாக இருக்கலாமே?

இருக்கலாம். சண்டை போட ஆள் வேண்டாமா?

உசிக் 2016இல் இன்னொரு அமைப்பான டபிள்யூபிஓவின் க்ரூசர்வெயிட் பட்டத்தைப் பிடித்தார். 2018 ஜனவரியில் ரீகாவில் மைரிஸ் பிரீடிஸை அவர் ஊரிலேயே போய் அடித்தார். அதே ஜூலையில் மாஸ்கோவில் முராத் காசியெவைத் தோற்கடித்து நாலு பெல்ட்டையும் ஒரே இடுப்பில் கட்டினார். நவம்பரில் மான்செஸ்டரில் டோனி பெல்யூவை எட்டாவது ரவுண்டில் சாய்த்தார். அதற்குமேல் அந்தப் பிரிவில் அவருக்கு என்ன மிச்சம்? ஏற்கெனவே அடித்தவர்களைத் திரும்ப அடிக்கலாம், அல்லது பெயர் தெரியாதவர்களை அடிக்கலாம். இரண்டுக்கும் டிக்கெட் விற்காது.

போதாததற்கு ஒரு கதவும் திறந்திருந்தது. டபிள்யூபிஓ விதிப்படி, அவர்களிடம் பெரிய சாம்பியன் அந்தஸ்து பெற்றவர் அடுத்த எடைக்குப் போனால் அங்கே வரிசையில் நிற்காமல், சாம்பியன் மோதியே ஆக வேண்டிய கட்டாய சவாலாளராகிவிடலாம். உசிக் அந்தக் கதவு வழியாகத்தான் போனார். சிகாகோவில் ஒரு போட்டி, லண்டனில் டெரெக் சிசோராவோடு ஒரு போட்டி, மூன்றாவதே அப்போதைய ஹெவிவெயிட் சாம்பியன் ஆன்டனி ஜோஷுவா.

பெல்யூ கதையையும் பாருங்கள். க்ரூசர்வெயிட்டில் டபிள்யூபிசி சாம்பியனாக இருந்தவர். ஆனால் அவர் பெயரைச் சொன்னதும் ரசிகர்களுக்கு ஞாபகம் வருவது 2017இலும் 2018இலும் ஹெவிவெயிட்டில் டேவிட் ஹேயை இரண்டு தடவை வீழ்த்தியது. அந்தப் போட்டிகளில் உலகப் பட்டமே கிடையாது!

அப்படிப் போனவர்களில் யார் தேறினார்கள்?

மூன்று பேரைச் சொல்வேன். மூவருமே க்ரூசர்வெயிட்டில் வேலையை முடித்துவிட்டுப் போனவர்கள், பாதியில் எழுந்து ஓடியவர்கள் அல்ல.

ஹோலிஃபீல்ட் டக்ளஸைச் சாய்த்த அந்த ஒரு குத்தைப் பையன்களுக்கு நிறுத்தி நிறுத்திப் போட்டுக் காட்டுவேன். அன்று ஹோலிஃபீல்ட் 208 பவுண்டு, டக்ளஸ் 246. டக்ளஸ் கீழிருந்து மேலே ஒரு வலதுகை அப்பர்கட் வீசுகிறார், தூரத்திலிருந்து, சோம்பேறித்தனமாக. ஹோலிஃபீல்ட் ஒரு சாண் பின்னால் சாய்கிறார். கை முகத்துக்கு முன்னால் காற்றைக் கிழித்துப் போகிறது. போன கை திரும்புவதற்குள் ஹோலிஃபீல்டின் வலது நேராகத் தாடையில் இறங்குகிறது. இடையில் இருந்தது அரை நொடி கூட இல்லை. அந்த அரை நொடிதான் க்ரூசர்வெயிட்டிலிருந்து அவர் கொண்டுவந்த சொத்து.

அதற்காக எடை ஒன்றுமில்லை என்று ஆகாது. 1992இல் ரிடிக் போவோடு மோதியபோது ஹோலிஃபீல்ட் 205, போவ் 235. போவும் கைவேகம் உள்ளவர், அதனால் அந்த 30 பவுண்டு வேலை செய்தது. ஹோலிஃபீல்ட் தோற்றார். மறுவருஷம் திரும்ப ஜெயித்தார்.

டேவிட் ஹே வேறு மாதிரி. 2007 ஏப்ரலில் ஹெவிவெயிட்டில் ஒரு போட்டி போட்டு ருசி பார்த்துவிட்டு மறுபடி கீழே இறங்கினார். நவம்பரில் பாரிஸ் போய், நாலாவது ரவுண்டில் கீழே விழுந்து எழுந்து, ஏழாவதில் க்ரூசர்வெயிட் சாம்பியன் ஜான்-மார்க் மொர்மெக்கை முடித்தார். 2008 மார்ச்சில் என்ஸோ மக்கரினெல்லியை இரண்டே ரவுண்டில். கணக்கு நேர் ஆயிற்று, கிளம்பிவிட்டார். 2009 நவம்பரில் நியூரம்பர்க்கில் எதிரே நின்றவர் ஹெவிவெயிட் சாம்பியன் நிகோலாய் வாலுயெவ்: ஏழடி உயரம், ஹேயைவிடக் கிட்டத்தட்ட 45 கிலோ கூடுதல். நம் ஊர் வீட்டு வாசல்களில் தேக்குத் தூண் நிற்குமே, அதைச் சுற்றிப் பிள்ளைகள் ஓடிப் பிடித்து விளையாடுகிற மாதிரி ஹே பன்னிரண்டு ரவுண்டு சுற்றினார். பார்க்க ஒன்றும் சுவாரசியம் இல்லை என்று சொன்னவர்கள் உண்டு. ஆனால் ஜெயித்தது அவர்தான். 2011இல் இன்னொரு ஹெவிவெயிட் சாம்பியன் விளாடிமிர் கிளிட்ச்கோவிடம் தோற்றபோது மட்டும், கால் சுண்டுவிரல் உடைந்திருந்தது என்று பத்திரிகையாளர் முன் பாதத்தைக் காட்டினார். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்பார்கள். ஆடத் தெரிந்தவரே இப்படிச் சொன்னதுதான் எனக்கு வருத்தம்.

உசிக்கைப் பற்றி நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. ஜோஷுவாவை 2021இலும் 2022இலும் இரண்டு தடவை. 2024 மே மாதம் ரியாத்தில் ஃபியூரி; அன்று உசிக் 223 பவுண்டு சொச்சம், ஃபியூரி 262. டிசம்பரில் திரும்ப ஃபியூரி, இந்தத் தடவை 281 பவுண்டோடு வந்தார். அதுவும் பலிக்கவில்லை. 2025 ஜூலையில் வெம்ப்ளியில் டேனியல் டுபுவாவை ஐந்தாவது ரவுண்டில். ஒரு மாமாங்கத்துக்கு இது போதும்.

தோற்றவர்கள்?

அவர்கள்தான் ஜாஸ்தி. தோமாஸ் ஆடமெக் நல்ல க்ரூசர்வெயிட் சாம்பியன். 2011இல் தன் சொந்த நாடான போலந்திலேயே விளாடிமிரின் அண்ணன் விட்டாலி கிளிட்ச்கோ அவரைப் பத்தாவது ரவுண்டில் நிறுத்தினார். ஹே தோற்கடித்த மொர்மெக்கும் மேலே போய் 2012இல் விளாடிமிரிடம் நாலு ரவுண்டு தாங்கினார். ஸ்டீவ் கன்னிங்ஹாம் 2013இல் ஃபியூரியை இரண்டாவது ரவுண்டில் மல்லாக்கத் தள்ளினார், அரங்கமே எழுந்து நின்றது; ஆனால் ஏழாவதில் அவர்தான் விழுந்தார். ஃபியூரி அவர்மேல் சாய்ந்து சாய்ந்தே களைப்பாக்கிவிட்டார். பெரிய ஆளின் எடை குத்தில் மட்டும் இல்லை, தோளில் வந்து விழுகிற பாரத்திலும் இருக்கிறது. இதைப் பயிற்சியில் உணர வைக்க, பையன்கள் முதுகில் ஒரு அரிசி மூட்டையைப் போட்டு மூன்று நிமிஷம் கை தூக்கச் சொல்வேன். இரண்டாவது நிமிஷம் கை தானாக இறங்கும்.

அப்படியானால் முதலில் எடை ஏற்றிக்கொண்டு போக வேண்டியதுதானே?

இங்கேதான் எல்லாரும் வழுக்குகிறார்கள். 110 கிலோ ஆளை எதிர்க்க நானும் 110 ஆகிறேன் என்று சாப்பிட்டு, இரும்பு தூக்கி, ஊதிப்போய் ரிங்கில் ஏறுவார்கள். அதுவரை சோறு போட்ட வேகம் போய்விடும். எதிராளிக்குப் பிறவியிலேயே உள்ள உடம்பு இவர்களுக்கு ஒரு வருஷத்துப் பழக்கம். அந்தப் பாரத்தைப் பன்னிரண்டு ரவுண்டு சுமக்க மூச்சு பத்தாது.

தேறியவர்கள் கொஞ்சம்தான் ஏற்றினார்கள், அதுவும் மெதுவாக. உசிக் க்ரூசர்வெயிட் வரம்புக்கு மேல் சேர்த்தது பத்துக் கிலோ சொச்சம். ஃபியூரி அளவுக்கு ஆக அவர் முயலவே இல்லை. ஒரே இடத்தில் இரண்டு நொடி நிற்பதில்லை. இடதுகைக்காரர் என்பதால் எதிராளியின் முன்காலுக்கு வெளியே தன் காலை வைத்துக்கொண்டே இருக்கிறார். பெரியவர் குறி வைத்துக் கால் ஊன்றுவதற்குள் இலக்கு நகர்ந்துவிடுகிறது. பத்தாவது ரவுண்டில் ஹெவிவெயிட்காரர் வாய் திறந்து மூச்சு வாங்கும்போது இவர் அப்போதுதான் விழித்தவர் மாதிரி இருக்கிறார். க்ரூசர்வெயிட்டில் எல்லாரும் அந்த வேகத்தில்தான் ஓடுகிறார்கள். மேலே அது அதிசயம்.

செட்டியார் ஐயாவிடம் இதைச் சொன்னபோது அவர் இன்னொன்று சேர்த்தார். அவர் தாத்தா பெட்டியடிப் பையனாகப் போய், அடுத்தாளாகி, அப்புறம்தான் மேலாள் ஆனாராம். "இங்கன படிச்ச கணக்கத்தான் தம்பி அங்கன கொண்டு போனாக. பர்மாக்காரன் மாதிரி ஆகணும்னு யாரும் போகல."

ஒலிம்பிக்கில் உசிக் ஹெவிவெயிட்டில்தானே தங்கம் வாங்கினார்?

ஆமாம், பெயரில்தான் குழப்பம். 2012 லண்டனில் 81 முதல் 91 கிலோ வரை உள்ள பிரிவை ஹெவிவெயிட் என்றார்கள். அதற்கு மேல் சூப்பர் ஹெவிவெயிட். தொழில்முறைக் கணக்கில் உசிக்கின் எடை க்ரூசர்வெயிட். அதே லண்டனில் சூப்பர் ஹெவிவெயிட் தங்கம் வாங்கியவர் ஜோஷுவா. இரண்டு பேரும் ஒன்பது வருஷம் கழித்து அதே ஊரில் எதிரெதிரே நின்றார்கள்.

இடையில் இன்னொரு பிரிவு வைத்தால் பிரச்சினை தீருமே?

வைத்தார்கள். 2020இல் டபிள்யூபிசி 200 முதல் 224 பவுண்டு வரை பிரிட்ஜர்வெயிட் என்று ஒன்றைத் தொடங்கியது. நாயிடமிருந்து தங்கையைக் காப்பாற்றி முகத்தில் கடி வாங்கிய ஓர் ஆறு வயது அமெரிக்கச் சிறுவனின் பெயர் அது. அந்த மனசு நல்ல மனசு. பிரிவுதான் சூடுபிடிக்கவில்லை. மற்ற அமைப்புகளில் ஐபிஎஃப்பும் டபிள்யூபிஓவும் ஏற்கவில்லை. லாரன்ஸ் ஒகோலி 2024இல் அந்தப் பட்டத்தை வாங்கிய அதே வருஷக் கடைசியில் ஹெவிவெயிட்டுக்குப் போய்விட்டார். பாலம் கட்டினால் ஜனங்கள் பாலத்திலா குடியிருப்பார்கள்?

மார்சியானோ, அலி எல்லாம் இன்றைக்கு எந்தப் பிரிவு?

1950களின் ஹெவிவெயிட் சாம்பியன் ராக்கி மார்சியானோ 185 பவுண்டு சுமாருக்குத்தான் இருந்தார். இன்றைக்கு அவர் க்ரூசர்வெயிட். 1964இல் லிஸ்டனை எதிர்த்த அலி 210. ஹெவிவெயிட்தான், ஆனால் இப்போதைய கூட்டத்தில் சின்னவர். 1980இல் அலி சென்னைக்கு வந்தபோது நேரில் பார்த்ததாகச் சொல்கிறவர்களிடம் அவர் எவ்வளவு பெரிய ஆள் என்று கேட்டுப் பாருங்கள். கூரை அளவுக்குக் கையைத் தூக்குவார்கள்.

போனவர்கள் திரும்பி வருவதுண்டா?

அபூர்வம். மார்கோ ஹுக் 2012 பிப்ரவரியில் அலெக்சாண்டர் போவெட்கினோடு ஹெவிவெயிட் பட்டத்துக்கு மோதி, நூலிழையில் தோற்று, பேசாமல் க்ரூசர்வெயிட்டுக்கே திரும்பினார். மற்றவர்களுக்கு ஒருமுறை ஏற்றிய எடை இறங்குவதில்லை. கிடைத்த காசை விட்டு வரவும் மனசு வராது.

மாஸ்டர், என் பையன் 88 கிலோ. அவனை ஹெவிவெயிட் ஆக்க என்ன கொடுக்கணும்?

வாராவாரம் யாராவது ஒரு அப்பா கேட்கிறார். போன வாரம் கேட்டவர் கையில் புரோட்டீன் பவுடர் டப்பாவே இருந்தது, விலைச்சீட்டு கூடக் கிழிக்கவில்லை. பையனுக்கு வயது பத்தொன்பது. டப்பாவைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு அந்தக் காசில் நல்ல ஷூ ஒரு ஜோடி வாங்கச் சொன்னேன். இன்னும் இரண்டு வருஷம் அவன் 88லேயே இருக்கட்டும். இறக்கவும் வேண்டாம், ஏற்றவும் வேண்டாம். அவனுக்கு இப்போதைய பிரச்சினை எடை இல்லை. ஜாப் என்கிற நேர்க் குத்து போட்ட கையைத் தாடைக்குத் திரும்பக் கொண்டுவர மறந்துவிடுகிறான். நேற்று சாயங்காலம் அவனைவிடப் பதினாலு கிலோ குறைந்த பையன் அந்த இடைவெளியில் மூன்று தடவை தொட்டுவிட்டுப் போனான்.